நூற்றுத் தொண்ணூறு கிலோ

விதி மாறிய செய்தி வந்தபோது இந்து வத்திராயிருப்பில் ஒரு மாங்காய் மண்டி வாசலில் நின்று, கூரியர் பார்சலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். போன் விடாமல் அதிர்ந்தது. மலையடிவாரக் கோப்பையின் வாட்ஸ்அப் குழுவில் சங்கச் செயலாளர் ஞானதுரை சார் நாலு பக்க அறிக்கையைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே ஊரே கூடி அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது.

மலையடிவாரக் கோப்பை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கண்மாய்கள் வற்றிப்போனதும், அந்தக் கட்டாந்தரையில் நடக்கிற மோட்டார் பைக் பந்தயம் அது. மொத்தம் ஐந்து போட்டி. ஐந்திலும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டி, யார் முதலோ அவருக்குக் கோப்பை. கோப்பை கிடக்கட்டும், அதை வீட்டில் வைத்து ஊறுகாய் போடவா முடியும்? அதோடு சேர்த்துக் கொடுப்பதுதான் பெரிய விஷயம். கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு அணியில், அடுத்த வருடத் தேசியப் பந்தயத்துக்கு ஓட்ட ஒரு இடம். ஒரே ஒரு இடம். இருபத்தைந்து வயது தாண்டியவர்களுக்குக் கிடையாது.

இந்துவுக்கு இருபத்திநாலரை. அடுத்த வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்று போட்டி முடிந்து அவள்தான் முன்னால் நின்றாள். வத்திராயிருப்புக்கும் புதுப்பட்டிக்கும் பார்சல் கொண்டுபோகிற பெண், இருபத்தொரு ஆம்பளைகளைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றாள் என்றால் சும்மா இருப்பார்களா?

சும்மா இருக்கவில்லை. அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது புது விதி. நான்காம் போட்டியிலிருந்து, பைக்கும் அதை ஓட்டுபவரும் சேர்ந்து நூற்றுத் தொண்ணூறு கிலோவுக்குக் குறையக்கூடாது. போட்டி முடிந்ததும் முதல் மூன்று இடத்துக்காரர்களைப் பைக்கோடு தராசில் ஏற்றி நிறுப்பார்கள். ஒரு கிராம் குறைந்தாலும் அந்தப் போட்டியில் அவருக்குப் புள்ளி கிடையாது.

இந்து அங்கேயே, மண்டி வாசலிலேயே கணக்குப் போட்டாள். பைக், பெட்ரோல் ஊற்றாமல், நூற்று இருபத்தைந்து. அவள் நாற்பத்து மூன்று. ஹெல்மெட், பூட்ஸ், தோல் உடுப்பு எல்லாம் சேர்த்து எட்டு. ஆக நூற்று எழுபத்தாறு. மற்ற இருபத்தொரு பேரில் அறுபது கிலோவுக்குக் குறைந்து ஒருத்தன் கிடையாது. அவர்களுக்கு இந்த விதி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 'அனைத்துப் போட்டியாளர்களுக்கும் பொதுவான விதி' என்று ஞானதுரை சார் கடைசியில் எழுதியிருந்தார் பாருங்கள், அதைப் படித்தபோதுதான் அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

புருசனுக்குப் போன் போட்டாள். லிங்கேஸ்வரன் அவளுக்கு அத்தை மகன். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். அவள் ஓட்டுகிற பைக்கைத் திருகாணி முதற்கொண்டு பூட்டியது அவன்தான்.

"மச்சான், பாத்தியளா?"

"பாத்தேன்."

"எனக்குன்னே போட்டிருக்காங்க. பதினாலு கிலோவுக்கு நான் எங்க போவேன்? ஒரு மாசத்துல தின்னே ஏத்த முடியுமா?"

"நீ ஒரு நாளைக்கு ரெண்டு இட்லி திங்கிற ஆளு," என்றான் லிங்கேஸ்வரன். "மொதல்ல பார்சலக் குடுத்துட்டு வா. கெடக்கிற இரும்புல ஏதாவது பாப்போம்."

அவன் இப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் பக்கெட் எங்கே இருக்கிறது என்று நிதானமாகக் கேட்பான். இவளுக்கு நேர் எதிர்.

அன்றைக்கு ராத்திரிக்குள் இந்து அந்த அறிக்கையைப் பதினோரு தடவை படித்துவிட்டாள். எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்ற ஆத்திரம்தான். ஓட்டை கிடைக்கவில்லை, ஆனால் அறிக்கை முழுக்க மனப்பாடமாகிவிட்டது. அணிக்காரர்கள் யாரும் தராசைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குள் வரக்கூடாது. ஓட்டுபவரின் இரண்டு காலும் தராசுத் தட்டுக்குள் இருக்க வேண்டும். அவர் தட்டை விட்டு இறங்கிவிட்டால் எடை முடிந்தது, மறு எடை கிடையாது. இப்படி ஒவ்வொன்றும் நாக்கு நுனியில் நின்றது.

புகார் எழுதிக் கொடுத்தது கௌதம்ராஜ். அதை அவன் மறைக்கவும் இல்லை. ராஜபாளையத்தில் பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி வைத்திருக்கிறவர் மகன், எழுபத்தெட்டுக் கிலோ, நல்ல ஓட்டக்காரன். மறுநாள் ஒர்க்‌ஷாப் பக்கம் வந்தவன் நேராகவே சொல்லிவிட்டான்.

"இந்து, ஒன் மேல கோவமில்ல. ஆனா நீயே யோசி. எனக்கும் ஒனக்கும் முப்பத்தஞ்சு கிலோ வித்தியாசம். ஒரு மூட்டை அரிசிக்கு மேல. அத ஏத்திக்கிட்டு நான் ஒன்னத் தொரத்துறேன். பெரிய பந்தயத்துல எல்லாம் இந்த விதி எப்பவோ வந்துருச்சு."

"நான் ஜெயிச்ச பொறவுதான் ஒங்களுக்குப் பெரிய பந்தயம் ஞாபகம் வந்துச்சோ?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பது இந்துவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது.

நான்காம் போட்டி நாசமாகப் போனது. லிங்கேஸ்வரன் இரும்புத் தகடுகளை வெட்டி, பதினாறு கிலோவுக்கு சீட்டுக்கு அடியில் பூட்டியிருந்தான். தேவைக்கு மேலே இரண்டு கிலோ, பயத்துக்கு. வளைவில் சாய்த்தால் பைக் நிமிர மாட்டேன் என்றது. இந்து ஆறாவதாக வந்தாள். அவளை நிறுக்கக்கூட இல்லை, மூன்றுக்குள் வந்தால்தானே. அன்றைக்குக் கொண்டுவந்திருந்த கரன்ட் தராசும் வெயிலில் எண் நிற்காமல் ஆடி, எல்லாரையும் பாடாய்ப் படுத்தியது. கௌதம்ராஜ் முதலாவதாக வந்து, மொத்தக் கணக்கில் அவளை நாலு புள்ளி தாண்டிவிட்டான். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் ஐந்து புள்ளி வித்தியாசம். இனி ஒரே வழிதான். கடைசிப் போட்டியில் இந்துவும் அவனும்தான் முதல் இரண்டு இடத்துக்கு மோதுவார்கள், அதில் யார் முன்னால் வருகிறார்களோ அவருக்கே எல்லாம்.

அந்த ஒரு மாதம் புருசனும் பெண்டாட்டியும் தூங்கின நேரம் கம்மி. தகடுகளை சீட்டுக்கு அடியிலிருந்து கழற்றி, எஞ்சினுக்குக் கீழே, தரையை ஒட்டி, ஒரு பெட்டி மாதிரி செய்து பூட்டினான் லிங்கேஸ்வரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே பொட்டலில் ஓட்டிப் பார்த்தார்கள். முதல் வளைவிலேயே இந்துவுக்குப் புரிந்துவிட்டது. முன்னெல்லாம் மண்ணில் வழுக்கிக்கொண்டு ஓடும் பின்சக்கரம், இப்போது அழுத்தமாகப் பிடித்துக்கொண்டது. அவள் ஒரு சுற்றுக்குப் பதில் பதினைந்து சுற்று ஓட்டினாள். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் புழுதி, வாயெல்லாம் பல்.

"மச்சான், இந்த எடைய எனக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னயே குடுத்துருக்கணும். வளைவுல நிக்கிது, அப்பிடியே நிக்கிது."

லிங்கேஸ்வரனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு சண்டை வந்தது.

"அந்த எச்சு ரெண்டு கிலோவக் கழட்டிருங்க," என்றாள் இந்து.

"இருக்கட்டும். பெட்ரோல் எரியும், ஒனக்கு வேர்க்கும். பயத்துக்கு வேணும்ல?"

"பெட்ரோலுக்கும் வேர்வைக்கும் வைங்க. ஒங்க பயத்துக்கு எதுக்கு நான் சொமக்கணும்? நேர்ரோட்டுல அந்த ரெண்டு கிலோதான் கௌதம முன்னால விடும்."

மூன்று நாள் இழுத்தது பேச்சு. கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய இரும்புக் கடைத் தராசில், அரசாங்க முத்திரை போட்டதில், பெட்ரோல் ஊற்றி, இந்துவும் முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்து நிறுத்தார்கள். சரியாக நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஓடி முடிக்கையில் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகக் குறையும். கணக்கு சரி.

கடைசிப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலைக்குப் போகிற வழியில் இருக்கிற கண்மாயில். கரைதான் கேலரி. காலை எட்டு மணிக்கே கரை முழுக்கத் தலை. சர்பத் வண்டி, மாங்காய்ப் பத்தை, ஒரு பக்கம் மைக்செட். வத்திராயிருப்பிலிருந்தும் புதுப்பட்டியிலிருந்தும் ஆட்கள் டிராக்டரில் வந்திருந்தார்கள், பாதிப் பேர் இந்துவிடம் பார்சல் வாங்கியவர்கள். "கூரியர் பாப்பா, இன்னைக்கு சீக்கிரம் கொண்டு சேத்துரு," என்று கரையிலிருந்து ஒருத்தர் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். இந்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து பின்சக்கரத்தை மூன்றாம் தடவை அழுத்திப் பார்த்தாள்.

கொடி இறங்கியது. இருபத்திரண்டு பைக்கும் ஒன்றாகக் கிளம்பியதில் கண்மாயே புழுதியில் மறைந்துபோனது. இந்து ஐந்தாவதாகத்தான் வெளியே வந்தாள். மொத்தம் பத்துச் சுற்று. இரண்டாம் சுற்றில் ஒருத்தனை, மூன்றாம் சுற்றில் இரண்டு பேரை வளைவுக்குள்ளேயே தாண்டினாள். மற்றவர்கள் வெளிப்பக்கமாக அகன்று போகிற இடத்தில் அவள் உள்ளே ஒட்டிப் பிடித்தாள். பைக் சொன்னபடி கேட்டது. நான்காம் சுற்றிலிருந்து முன்னால் கௌதம்ராஜின் மஞ்சள் ஹெல்மெட் மட்டும்தான்.

நேர்த்தடத்தில் அவன் கழன்று ஓடுவான், வளைவில் இவள் போய் ஒட்டுவாள். மறுபடி ஓடுவான், மறுபடி ஒட்டுவாள். ஆறு சுற்று இப்படியே. கரையில் ஒருத்தரும் உட்காரவில்லை. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்துவுக்கு எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு ஆனந்தம் ஓடிக்கொண்டிருந்தது. இதற்காகத்தானே இத்தனை பாடும் என்று நினைத்தாள், அப்போது ஜெயிப்பதுகூட நினைவில் இல்லை.

கடைசிச் சுற்று, கடைசி வளைவு, மதகு ஓரத்தில். கௌதம்ராஜ் உள்பக்கத்தை அடைத்துக்கொண்டு வந்தான். இந்து வெளிப்பக்கமாகப் போனாள், யாரும் போகாத இடம், பொடி மண். விழுந்தாள் என்றே கரை நினைத்தது. பின்சக்கரம் ஒரு கை தூரம் வழுக்கி, எஞ்சினுக்கு அடியில் இருந்த இரும்பின் அழுத்தத்தில் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து கோட்டுக்கு நாற்பது அடி. அரைச் சக்கர வித்தியாசத்தில் இந்து முன்னால் கோட்டைத் தாண்டினாள்.

கரை இடிந்து விழுவதுபோல் சத்தம். லிங்கேஸ்வரன், அந்த நிதானக்காரன், முன்பின் தெரியாத ஒரு சர்பத்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தான்.

பிறகு தராசு.

போன தடவை கரன்ட் தராசு படுத்தியதால், இந்தத் தடவை பருத்தி மூட்டை நிறுக்கிற பெரிய இரும்புத் தராசைக் கொண்டுவந்திருந்தார்கள். கௌதம்ராஜ் வீட்டுக் கிட்டங்கியிலிருந்துதான் வந்தது. அதோடு அதை நிறுக்கிற சங்கையாவும் வந்திருந்தார். முப்பத்தொரு வருடமாகப் பருத்தி நிறுக்கிறவர். ஒரு கிராம் கூடுதல் இல்லை, குறைச்சல் இல்லை, சங்கையா சொன்னால் எடை அதுதான் என்று வட்டாரத்தில் பேர். முதலில் கௌதம்ராஜ் ஏறினான். இருநூற்றுச் சொச்சம். மூன்றாவது வந்தவனும் ஏறி இறங்கினான். அவர்கள் எடையை யார் கேட்டது? விதி தொடாத ஆட்கள்.

இந்து பைக்கைத் தட்டில் ஏற்றி நிறுத்தினாள். குட்டையான ஆள், இரண்டு காலின் பெருவிரல்தான் தட்டில் பட்டது. சங்கையா தராசுக் கம்பியில் எடைக்குண்டை நகர்த்தினார், கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. கம்பி சமமாக நின்றது. தாளில் எழுதி ஞானதுரை சார் கையில் கொடுத்தார்.

ஞானதுரை சார் மைக்கில் வாசித்தார். "இந்து. நூற்று எண்பத்தொன்பது கிலோ இருநூறு கிராம். எண்ணூறு கிராம் குறைவு. இந்தப் போட்டியில் புள்ளி இல்லை."

 இந்துவுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் அந்த இரண்டு கிலோத் தகடுதான் கண் முன்னால் வந்தது. கழற்று, கழற்று என்று மூன்று நாள் புருசன் உயிரை வாங்கியது யார்? அவளே. வேறு யாரையும் சொல்ல முடியாது. 

கயிற்றுக்கு அந்தப் பக்கம் லிங்கேஸ்வரன் முகத்தில் ஈயாடவில்லை. "என் கணக்குதான் தப்பு இந்து. நீ எறங்கி வா. ஒண்ணும் இல்ல, வா," என்றான்.

அந்த வார்த்தைதான் அவளை உலுக்கியது. அவன் கணக்கு தப்பாது. நட்டு எண்ணிப் பூட்டுகிறவன், பெட்ரோலை அளவு கிளாஸில் ஊற்றுகிறவன். எண்ணூறு கிராம் எங்கே போகும்?

"எறங்க மாட்டேன்," என்றாள்.

ஞானதுரை சார் பக்கத்தில் வந்தார். "இறங்கும்மா. எடை போட்டாச்சு."

"எறங்குனாத்தான் எடை முடிஞ்சதுன்னு ஒங்க அறிக்கையில போட்டிருக்கீய சார். நான் எறங்கலையே."

"அதுக்காக அங்கயே குடியிருக்கப் போறியா?"

"எம்புட்டு நேரம் ஒக்காரலாம்னு எதுவும் போட்டிருக்கா சார்?"

ஞானதுரை சார் விதி என்றால் உயிரை விடுகிறவர். சட்டைப் பையிலிருந்து அறிக்கையை எடுத்துப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால் ஒரு தடவை, பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவை. போடவில்லை. கரையில் சிரிப்புக் கிளம்பியது. அவர் சிரிக்கவில்லை, ஒரு நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். நீயா நானா பார்த்துவிடலாம் என்ற மாதிரி.

வைகாசி வெயில். தோல் உடுப்பு. பெருவிரலில் நின்றுகொண்டு அத்தனை கனத்தைத் தாங்க வேண்டும். பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் இழுத்தது. இருபது நிமிடத்தில் தொடை நடுங்கியது. ஹெல்மெட்டைக் கூடக் கழற்ற முடியாது, கழற்றிக் கீழே வைத்தால் அதற்கும் ஒரு விதி காட்டுவார்கள். கௌதம்ராஜ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இந்து, போதும் எறங்கு, கால் போயிரும்," என்றான். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அவளுக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது.

பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் தராசையே பார்த்தாள். சங்கையா கம்பியை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கீழே நிற்கிற யாருக்கும் கம்பியில் இருக்கிற எண் கண்ணில் படாது, அவருடைய முதுகுதான் தெரியும். பைக் மேலே உட்கார்ந்திருந்த இந்துவுக்கு மட்டும் அவர் தோளுக்கு மேலாகத் தெரிந்தது. கம்பி நுனியில் மூன்று வட்டத் தகடு தொங்கியது, ஒவ்வொன்றிலும் ஐம்பது என்று பெயிண்டில் எழுதியிருந்தது. கம்பியில் கோடு கோடாக எண். சின்னக் குண்டு நாற்பதைத் தாண்டி நின்றது. தாண்டி எத்தனை கோடு? ஏழு. அவள் ஒரு தடவை கூட்டினாள். வெயிலில் மண்டை குழம்பிவிட்டதோ என்று மறுபடி கூட்டினாள். மூன்றாம் தடவையும் அதே விடைதான் வந்தது.

"தாத்தா," என்றாள். "இந்தத் தொங்குறது ஒண்ணு எம்புட்டு?"

சங்கையா திரும்பினார். "ஒண்ணு அம்பது தாயி."

"மூணுன்னா நூத்தி அம்பது."

"ஆமா."

"குண்டு நிக்கிற எடம்?"

"நாப்பது கிலோ எழுநூறு."

"அப்ப மொத்தம் நூத்தித் தொண்ணூறு கிலோ எழுநூறுல்லா வருது?"

"ஆமா, வரும்," என்றார் சங்கையா, அதில் என்ன சந்தேகம் என்பது போல.

ஞானதுரை சார் நாற்காலியை விட்டு எழுந்தார். மைக் அவர் கையிலேயே இருந்தது, அணைக்கவும் இல்லை.

"பொறவு எதுக்குத் தாத்தா நூத்தி எம்பத்தொம்பதுன்னு எழுதிக் குடுத்தீய?"

சங்கையாவுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. இத்தனை வயதுப் பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்று பார்த்தார். "சாக்குக்கு ஒண்ணரைக் கிலோ கழிக்கணும்லா தாயி," என்றார்.

அது மைக்கில் விழுந்து கண்மாய் முழுக்கக் கேட்டது.

"எந்தச் சாக்கு?" என்றார் ஞானதுரை சார்.

சங்கையா தட்டைப் பார்த்தார். பைக்கைப் பார்த்தார். அதன் மேல் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். முப்பத்தொரு வருடமாக அந்தத் தட்டில் ஏறியதெல்லாம் சாக்கு மூட்டை. நிறுத்ததும் கை தானாகவே ஒன்றரையைக் கழித்துத்தான் எழுதும், மனதுக்குச் சொல்லிவிட்டுச் செய்கிற வேலை இல்லை அது. கௌதம்ராஜுக்கும் கழித்தார், மூன்றாவது வந்தவனுக்கும் கழித்தார். அவர்களுக்குப் பத்துக் கிலோ கழித்தாலும் கேட்க ஆளில்லை. கோட்டின் ஓரத்தில் நின்றவள் ஒருத்திதான், அவள் தலையில் விழுந்தது.

"அட ஆண்டவனே," என்று சங்கையா வாயைப் பொத்திக்கொண்டார்.

கரை வெடித்துச் சிரித்தது. கௌதம்ராஜ், "ஏமி தாத்தா இது," என்று வீட்டுத் தெலுங்கில் கத்தி, தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கரையிலிருந்து புதுப்பட்டி விவசாயி ஒருத்தர் எழுந்து, "ஏலே, இப்ப வாறது அம்புட்டும் பிளாஸ்டிக் சாக்குலா, அது கால் கிலோ கூட வராதே, எங்களுக்கும் ஒண்ணரையா கழிக்கீய?" என்று கேட்டார். அந்தப் பஞ்சாயத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஞானதுரை சார் கையைத் தூக்கினார்.

"எழுதிக் குடுத்தது தப்புன்னு ஆயிருச்சு. வாயால சொன்னத வச்சு நான் கோப்பையக் குடுக்க முடியாது. அந்தப் பிள்ளை இன்னும் எறங்கல, அதனால எடை இன்னும் முடியல. சங்கையா, முதல்லருந்து போடுங்க. நானும் பக்கத்துல நின்னு பாக்கேன்."

இந்துவின் சந்தோஷம் அப்படியே உறைந்தது. லிங்கேஸ்வரனைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அதே நினைப்பு. வேர்வை. நாற்பது நிமிடம் வெயிலில், தோல் உடுப்புக்குள், சொட்டச் சொட்ட. அதற்கு எத்தனை கிராம்? எழுநூறுதான் கையில் இருக்கிறது. முன்னால் சமமாக நின்ற கம்பியின் நுனி இப்போது தெளிவாகக் கீழே இறங்கிக் கிடந்தது. பாட்டிலைக் கொடுக்கவும் முடியாது, கொடுத்தால் வாங்கவும் முடியாது.

சங்கையா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.  குண்டைப் பிடித்துப் பின்னால் தள்ளினார், ஒரு கோடு. கம்பி எழவில்லை. இன்னொரு கோடு. எழவில்லை. மூன்று. நாலு. இந்து கோடுகளை எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டாள், மூச்சை விட்டால் அதிலும் எடை போய்விடுமோ என்று. ஐந்து. கம்பி லேசாக அசைந்தது. அதற்குள் கண்ணில் வேர்வை இறங்கிக் கரித்தது, எதுவும் தெரியவில்லை. கையை எடுத்துத் துடைக்கவும் பயம். குண்டு இன்னொரு தடவை நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நின்றது.

 சங்கையா நிமிர்ந்து, மைக்கைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"நூத்தி எம்பத்தெட்டு..."

இந்துவுக்கு உயிர் போய்த் திரும்பியது. அதற்குள் கரை முழுவதும், அத்தனை ஆயிரம் பேரும், கௌதம்ராஜும் சேர்ந்து, ஒரே குரலில் கத்தினார்கள்.

"சாக்கு இல்ல!"

சங்கையா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஞானதுரை சார் குனிந்து கம்பியைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நூத்தித் தொண்ணூறு," என்றார் சங்கையா. "நூறு கிராம் கூட."

அவ்வளவுதான், அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று ஒருத்தருக்கும் கேட்கவில்லை. கயிறு அறுந்தது. லிங்கேஸ்வரன் ஓடிவந்து பைக்கைப் பிடித்துக்கொண்டான். இந்து இறங்கப் பார்த்தாள், இரண்டு காலும் அவள் பேச்சைக் கேட்கவில்லை, தராசுத் தட்டிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். ஹெல்மெட்டை அவன்தான் கழற்றினான். ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள், நடுநடுவே சிரித்தாள், எது எப்போது வருகிறதென்று அவளுக்கே தெரியவில்லை. கோயம்புத்தூர், மச்சான், கோயம்புத்தூர் என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு அவன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி, ஒரு லிட்டர் தண்ணீரையும் நிறுத்தாமல் குடித்தாள்.